நின்ற நாள் வேறு, கெட்ட நாள் வேறு: பினாங்கில் ஓர் எஸ்எஸ்எச் வழங்கி எழாமற்போன நிகழ்வின் ஆய்வு

2024 அக்டோபரில், தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லாத ஒரு மாலை, ஜார்ஜ்டவுனில் பெய்த இடிமழையில் லெபோ பாசார் வட்டாரத்தின் மின்சாரம் போய்விட்டது. பழையவர்கள் இன்றும் கடைத்தெரு என்று சொல்லும் அந்தத் தெருவில், ஒரு மொத்த மசாலைக் கடையின் மாடியில், நான் பராமரிக்கும் லினக்ஸ் வழங்கி (சர்வர்) ஒன்று இருக்கிறது. இதற்குமுன் வந்த மின்தடைகள் எல்லாம் சில நிமிடங்களில் தீர்ந்ததால் யூபிஎஸ் தாக்குப்பிடித்திருந்தது. அன்று தடை ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. பேட்டரி தீர்ந்து வழங்கி அணைந்தது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாகவே எழுந்தது, கடையின் கல்லாக் கணினிகளும் வழக்கம்போல் பில் போட்டன. ஆகவே கடையில் இருந்த எவருக்கும் குறை எதுவும் தெரியவில்லை.

இரவு 7 மணிக்குப் பிறையில் உள்ள கிடங்கிலிருந்துதான் எனக்கு அழைப்பு வந்தது. கடையில் பதிவாகும் ஆர்டர்களை 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிடங்கின் கணினி எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக, ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரலைக் கொண்டு எடுத்துக்கொள்ளும். மாலை 5 மணிக்குப் பின் ஒரு பட்டியலும் வரவில்லை என்றார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் விடியற்காலை லாரியில் ஏறியாக வேண்டும். இரவுக் காப்புநகலும் அதே வழியில்தான் போகிறது. கணக்காய்வாளர் கோப்புகளை எடுக்கும் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழிக் கோப்புப் பரிமாற்றம்) கணக்கும் அதன்மீதே நிற்கிறது.

முதல் விடை: மறுப்பா, மௌனமா

பட்டர்வொர்த்தில் என் வீட்டிலிருந்து இணைய முயன்றபோது “இணைப்பு மறுக்கப்பட்டது” என்ற விடை உடனே வந்தது. எதையும் திறந்து பார்ப்பதற்கு முன்பே இந்த ஒரு விடை நிறையச் சொல்கிறது. காத்திருந்து காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று வந்திருந்தால், பொட்டலம் (நான் அனுப்பிய தரவுத் துண்டு) வழியில் எங்கோ தொலைகிறது, அல்லது தீச்சுவர் (ஃபயர்வால்) அதைச் சத்தமில்லாமல் கீழே போடுகிறது, அல்லது கணினியே உயிரோடு இல்லை என்று பொருள். உடனடி மறுப்பு வந்தால், என் பொட்டலம் அந்தக் கணினியை அடைந்தது, அங்குள்ள கருனி (இயங்குதளத்தின் மையம்) அதைப் பார்த்தது, எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் எதுவும் இல்லாததால் திருப்பி அனுப்பியது என்றுதான் பெரும்பாலும் பொருள். இந்த வழங்கியை வெளியிலிருந்து வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கத்தின் வழியாக மட்டுமே அடைய முடியும்; சுரங்கத்தின் மறுமுனையும் அதே கணினிதான். ஆகவே கணினி, கடையின் இணையம், சுரங்கம் மூன்றும் நலம், எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் நிரலான எஸ்எஸ்எச்டி மட்டுமே எழவில்லை என்பது முதல் நிமிடத்திலேயே உறுதியாகிவிட்டது.

இனி யாராவது அந்தக் கணினியின் முன் அமர்ந்தாக வேண்டும். கொட்டும் மழையில் நான் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் நேரம் போய்விடும் என்பதால், கடையில் வேலை செய்யும் இளைஞரை அழைத்தேன். மாடியில் கிடந்த ஒரு திரையையும் விசைப்பலகையையும் அவர் இணைத்தார். நிர்வாகக் கணக்கின் கடப்புச்சொல் எழுதிய உறை முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்து வெளியே வந்தது. காகிதத்தில் கடப்புச்சொல் எழுதிவைப்பதைக் குறைசொல்பவர்கள் உண்டு. தொலைவழி மூடிக்கொண்ட நாளில் உள்ளே போக வேறு வழி இல்லாத கணினியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மறைந்து கிடந்த வரி

சேவையின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் திரையைப் படித்தார்: “அண்ணா, ஃபெயில்ட்னு செவப்பா இருக்கு. கீழ ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குவிக்லினு எழுதிருக்கு.”

“தொடங்கும் வேண்டுகோள் மிக வேகமாகத் திரும்பத் திரும்ப வந்தது” என்ற இந்தச் செய்தியைக் காரணம் என்று எடுத்துக்கொண்டு வழிதவறியவர்கள் பலர். அது விளைவு. இந்த வழங்கியின் லினக்ஸ் வகையான டெபியன் 12இல் எஸ்எஸ்எச் சேவை தொடங்குமுன், அமைவுக் கோப்பு சரிதானா என்று எஸ்எஸ்எச்டியே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனை தோற்றால், சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி மீண்டும் முயலும். 10 விநாடிக்குள் 5 முறை தோற்றதும் கைவிட்டு இந்த வரியை எழுதும். நிலை காட்டும் கட்டளை கடைசிச் சில வரிகளை மட்டுமே காட்டுவதால், உண்மையான காரணம் அந்த ஐந்து முயற்சிகளின் இரைச்சலுக்கு மேலே போய் மறைந்துவிடுகிறது.

ஆகவே பதிகை (லாக்) முழுவதையும் பார்க்காமல், எஸ்எஸ்எச்டி நிரலைச் சோதனை முறையில் நேரடியாக இயக்கச் சொன்னேன். அதற்கான கொடி (கட்டளையோடு சேர்க்கும் எழுத்து) சிறிய எழுத்து டீ (t). தொலைபேசியில் டீயும் (t) டியும் (d) ஒன்றுபோலக் கேட்கும். இரண்டுமே எஸ்எஸ்எச்டியில் வெவ்வேறு வேலை செய்யும் கொடிகள். “டீக்கடை டீ, தம்பி” என்று சொன்னதும் புரிந்துகொண்டார். இம்முறை வந்தது ஒரே வரி: அமைவுக் கோப்பின் 131ஆம் வரியில் உள்ள லாகின்கிரேஸ்டைம் (நுழைவதற்கான நேரவரம்பு) என்ற கட்டளைக்கு மேட்ச் தொகுதிக்குள் (குறிப்பிட்ட பயனர் போன்றோருக்கு மட்டும் பொருந்தும் பகுதி) இடமில்லை.

அந்த வரியை எழுதியவன் நான். எழுதியது ஜூலை மாதம். அன்று மாலை மின்சாரம் போனதால்தான் வழங்கி கெட்டது என்று கடையில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது மூன்று மாதங்களாகக் கெட்டே இருந்தது.

ஜூலையில் நடந்தது

2024 ஜூலை 1ஆம் நாள் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு கடுமையான ஓட்டை அறிவிக்கப்பட்டது. அதன் எண் சிவிஇ-2024-6387. இணைந்தவர், இயல்பான வரம்பாகிய 120 விநாடிக்குள் தம்மை உறுதிப்படுத்தாவிட்டால் எஸ்எஸ்எச்டி ஓர் அலாரக் குறிப்பைக் கொண்டு அந்தத் தொடர்பை வெட்டும். அந்தக் குறிப்பைக் கையாளும் நிரற்பகுதி, அந்தத் தருணத்தில் அழைப்பதற்குப் பாதுகாப்பற்ற செயற்கூறுகளை அழைத்தது. நேரத்தைத் துல்லியமாகக் குறிவைத்துத் தாக்குபவர் அதைக் கொண்டு ரூட் அதிகாரத்தையே, அதாவது கணினியின் முழு அதிகாரத்தையே, பெறக்கூடும். 2006இல் திருத்தப்பட்ட அதே பிழை 8.5 பதிப்பில் மீண்டும் நுழைந்து, 9.8 வரும் வரை உள்ளே இருந்திருக்கிறது. உடனே மேம்படுத்த முடியாதவர்களுக்குச் சொல்லப்பட்ட தற்காலிக மருந்து, லாகின்கிரேஸ்டைம் மதிப்பை 0 ஆக்குவது: நேரவரம்பே இல்லையென்றால் அலாரம் அடிக்காது, அலாரம் அடிக்காவிட்டால் கெட்ட நிரற்பகுதி ஓடாது.

என் பொறுப்பில் அப்போது எட்டு வழங்கிகள் இருந்தன. எட்டுக்கும் ஒரே சுழற்சிக் கட்டளை எழுதினேன்: அமைவுக் கோப்பின் கடைசியில் அந்த வரியை ஒட்டு, சேவையை மறுஏற்றம் செய் (நிறுத்தாமலே அமைவை மீண்டும் படிக்கவை), அடுத்த கணினிக்குப் போ. திரை நிரம்பிவிடக் கூடாது என்பதற்காக வெளியீட்டைத் தூக்கி எறியும்படியும் செய்திருந்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

எஸ்எஸ்எச்டியின் அமைவுக் கோப்பில் மேட்ச் என்று தொடங்கும் தொகுதிக்கு முடிவுக்குறி கிடையாது. அடைப்புக்குறி இல்லை, உள்தள்ளலுக்கு மதிப்பில்லை, வெற்று வரி அதை முடிக்காது. அடுத்த மேட்ச் வரும் வரை, அல்லது கோப்பு முடியும் வரை, கீழே வரும் ஒவ்வொரு வரியும் அந்தத் தொகுதிக்கே சொந்தம். மற்ற ஏழு கணினிகளில் மேட்ச் தொகுதியே இல்லை. மசாலைக் கடையின் வழங்கியில் மட்டும், கணக்காய்வாளரின் எஸ்எஃப்டிபி கணக்கை ஒரே அடைவுக்குள் (கோப்புறைக்குள்) அடைத்துவைக்கும் மேட்ச் தொகுதி கோப்பின் இறுதியில் இருந்தது. நான் ஒட்டிய வரி அந்தத் தொகுதியின் வயிற்றுக்குள் போய் விழுந்தது. கடப்புச்சொல் நுழைவு, அனுமதிக்கப்பட்ட பயனர்கள் போன்ற சில கட்டளைகளை மேட்ச் தொகுதிக்குள் எழுதலாம். இணைப்பவர் யார் என்று தெரிவதற்கு முன்பே வேலை செய்ய வேண்டிய லாகின்கிரேஸ்டைமை அங்கே எழுத முடியாது. நுழைபவரின் பெயரே தெரியாத நேரத்துக்கான வரம்பை, பெயரைப் பார்த்து முடிவுசெய்யும் தொகுதிக்குள் வைப்பதில் பொருளில்லை என்பதால் அந்த விதி நியாயமானதே.

அப்படியானால் ஜூலையிலேயே சேவை ஏன் விழவில்லை என்று கேட்கலாம். டெபியனில் மறுஏற்றக் கட்டளையும் முதலில் அதே சோதனையைச் செய்யும். சோதனை தோற்றால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தொடாமல் விட்டுவிடும். பழைய அமைவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு எஸ்எஸ்எச்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டில் இருந்த கோப்பு வேறு, நினைவகத்தில் ஓடிய அமைவு வேறு. “மறுஏற்றம் தோற்றது” என்று கணினி என்னிடம் சொல்லத்தான் செய்தது. அதை நான் படிக்காமல் எறிந்துவிட்டேன்.

இதன் இன்னொரு முகம் அன்றிரவு என்னை அதிகம் வருத்தியது. மறுஏற்றம் நடக்கவில்லை என்றால், தற்காலிக மருந்தும் அந்தக் கணினிக்குள் போகவில்லை. கணக்கு மென்பொருளை விற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் அதில் தானியங்கி மேம்பாடும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆக, காப்பாற்றிவிட்டதாக நான் குறிப்பேட்டில் எழுதிவைத்த வழங்கி, மூன்று மாதம் காப்பின்றியே இருந்திருக்கிறது. அது சுரங்கத்தின் முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஆறுதல். இணையத்தில் உள்ள யாரும் அதன் 22ஆம் போர்ட்டைத் தொட முடியாது.

பொய்த் தடம் ஒன்று

131ஆம் வரியின் தொடக்கத்தில் ஒரு கட்டக்குறி (#) இட்டு அதை முடக்கச் சொன்னேன். மீண்டும் சோதனையை இயக்கியதும் புதிய செய்தி வந்தது: சிறப்புரிமைப் பிரிப்புக்கான எஸ்எஸ்எச்டி அடைவு ரன் அடைவுக்குள் இல்லை. இளைஞரின் குரல் தளர்ந்தது. “ஒன்னு சரி பண்ணா இன்னொன்னு வருதே, அண்ணா.”

அது குறை இல்லை. ரன் அடைவு நினைவகத்தில் இருப்பது. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் காலியாகத் தொடங்கும். அதற்குள் தேவையான அடைவைச் சேவை தொடங்கும்போது சிஸ்டம்டி உருவாக்கும், நிற்கும்போது அழிக்கும். சேவை நின்றிருக்கும் நேரத்தில் கையால் சோதித்தால் அந்த அடைவு இல்லாமல்தான் இருக்கும். இந்தச் செய்தியைக் கண்டதும் அடைவைக் கையால் உருவாக்கி, அதற்கென ஒரு தொடக்கக் குறுநிரலும் எழுதி வைப்பவர்கள் உண்டு. இல்லாத நோய்க்கு அது மருந்து. அமைவுக் கோப்பைப் படித்து முடித்த பிறகே எஸ்எஸ்எச்டி இந்த அடைவைத் தேடுகிறது என்பதால், இச்செய்தி வருவதே கோப்பின் இலக்கணம் தேறிவிட்டது என்பதற்குச் சான்று.

சேவையைத் தொடங்கச் சொன்னேன். தொடங்கியது. மணி 8:20. என் வீட்டிலிருந்து உள்ளே போனேன். கிடங்கின் ஆர்டர்கள் ஒரே மூச்சில் வந்து இறங்கின.

இன்னும் ஒரு முறை அணைத்துப் பார்த்தது

இங்கேயே நிறுத்தியிருந்தால் முதலாளிக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சேவையை நாங்கள் கையால்தான் தொடங்கியிருந்தோம். கணினி தானாக எழும்போது அது தானாக எழுமா என்பதை எவரும் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கணினி ஆறு மாதத்துக்கும் மேலாக மறுதொடக்கம் ஆகாமல் ஓடியிருந்தது. அந்த ஆறு மாதத்தில் நான் செய்த மாற்றங்களில் மறுதொடக்கத்தைச் சந்தித்தது ஒன்றுகூட இல்லை.

முதலில் ஓப்பன்எஸ்எஸ்எச் தொகுப்பைப் பாதுகாப்புத் திருத்தம் பெற்ற பதிப்புக்கு உயர்த்தினேன். பிறகு ஜூலை முதல் அன்றுவரை இருந்த பதிகைகளில், உறுதிப்படுத்தலுக்கு முன்பே நேரம் கடந்ததைக் குறிக்கும் வரிகளைத் தேடினேன். அந்த ஓட்டையைத் தாக்க முயன்றால் அத்தகைய வரிகள் குவிந்து கிடக்கும். ஒன்றும் இல்லை. திருத்தப்பட்ட பதிப்பில் நேரவரம்பை 0 ஆக்கத் தேவை இல்லை. அது இருந்தால் உறுதிப்படுத்தாத இணைப்புகள் வெட்டப்படாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்ற வேறு தொல்லைதான் மிஞ்சும். எனவே 131ஆம் வரியை முழுவதுமாக அழித்தேன்.

கடை சாத்தியதும், இரவு 10:30க்கு, இளைஞரை விசைப்பலகையின் அருகிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வழங்கியை மறுதொடக்கம் செய்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது.

இம்முறை பதிகையில் இருந்தது வேறு செய்தி: 10.8.0.1 என்ற முகவரியில் 22ஆம் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை, கேட்ட முகவரியை ஒதுக்க இயலாது; எந்த முகவரியையும் பிடிக்க முடியவில்லை. “முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது” என்று வந்திருந்தால் வேறு நிரல் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்று தேடியிருப்பேன். “அனுமதி மறுக்கப்பட்டது” என்று வந்து, அது ரெட்ஹேட் வகைக் கணினியாகவும் இருந்திருந்தால், எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாட்டை முதலில் பார்த்திருப்பேன். ஒதுக்க இயலாது என்றால் அப்படி ஒரு முகவரியே அந்த நொடியில் கணினியில் இல்லை என்று பொருள்.

10.8.0.1 வயர்கார்ட் சுரங்கத்தின் முகவரி. ஏப்ரலில், பாதுகாப்புக்காக, எஸ்எஸ்எச்டி எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்று சொல்லும் லிஸன்அட்ரஸ் வரியில் அதை மட்டும் எழுதியிருந்தேன். எஸ்எஸ்எச் சேவை வலையமைப்பின் அடிப்படை தயாரானதுமே எழுந்துவிடும். சுரங்கத்தை எழுப்பும் சேவையோ வலையமைப்பு முழுமையாக இணைந்த பின்பே தொடங்கும். பதிகையின் நேரக்குறிகளைப் பார்த்தபோது எஸ்எஸ்எச்டி விழுந்த பிறகு 4 விநாடி கழித்துத்தான் சுரங்கம் பிறந்திருந்தது. மாலையில் மின்சாரம் திரும்பியபோதும் இப்படித்தான் நடந்திருக்கும், ஆனால் அமைவுக் கோப்பின் பிழை முந்திக்கொண்டதால் இந்தப் பிழைக்கு வாய் திறக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

4 விநாடிதானே, சிஸ்டம்டி மீண்டும் முயன்றிருக்கலாமே என்று தோன்றும். முயலவில்லை. எஸ்எஸ்எச்டி இப்படிச் சாகும்போது 255 என்ற வெளியேற்ற எண்ணோடு சாகிறது. முதன்மை நிரல் 255உடன் வெளியேறினால் மீண்டும் தொடங்க வேண்டாம் என்று டெபியனின் சேவைக் கோப்பே சொல்கிறது. மாலையில் தோற்றது முதன்மை நிரலுக்கு முன்னால் ஓடும் சோதனை என்பதால் இந்தத் தடை அங்கே செல்லுபடியாகவில்லை. எத்தனை முறை முயன்றாலும் தேறாத இலக்கணப் பிழைக்கு ஐந்து முயற்சி. ஒரே ஒரு முறை மீண்டும் முயன்றிருந்தால் தீர்ந்திருக்கும் முகவரிப் பிழைக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பதிகைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பின்புதான் இது எனக்கு விளங்கியது.

எதைக் கொண்டு சரிசெய்தேன், ஏன்

சுரங்கச் சேவைக்குப் பின்னரே எஸ்எஸ்எச் எழ வேண்டும் என்று வரிசை ஏற்படுத்துவது பலரும் சொல்லும் தீர்வு. அதை நான் விரும்பவில்லை. ஒருநாள் சுரங்கமே எழாமற்போனால் முகவரி இருக்காது, எஸ்எஸ்எச்டியும் எழாது, சுரங்கத்தைச் சரிசெய்ய உள்ளே போகும் வழியும் அத்தோடு மூடிக்கொள்ளும். இல்லாத முகவரியையும் பிடித்துக்கொள்ளலாம் என்று கருனிக்கு அனுமதி தரும் அமைப்பு ஒன்று உண்டு. அது அந்தக் கணினியில் உள்ள எல்லா நிரல்களுக்கும் பொருந்திவிடும் என்பதால் தயங்கினேன்.

லிஸன்அட்ரஸ் வரியை எடுத்துவிட்டு எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி விட்டேன். யார் வரலாம் என்பதைத் தீச்சுவரிடம் ஒப்படைத்தேன். லினக்ஸின் தீச்சுவரான என்எஃப்டேபிள்ஸின் விதிகளில், 22ஆம் போர்ட்டுக்குச் சுரங்க இடைமுகத்திலிருந்தும் கடையின் உள்வலையமைப்பிலிருந்தும் மட்டுமே வழி. மற்றவை கீழே போடப்படும். அந்தச் சேவை வலையமைப்புக்கு முன்பே எழுவதால் காப்பில்லாத இடைவெளி இல்லை. டெபியனில் அது இயல்பாக இயக்கப்பட்டிருக்காது என்பதால் அதை முதலில் இயக்கி வைத்தேன். இங்கே ஒரு நுணுக்கம் தவறினால் அதே நோய் வேறு உருவில் வரும்: இடைமுகத்தை எண்ணால் குறிக்கும் ஐஐஎஃப் என்ற சொல்லை எழுதினால், சுரங்கம் இன்னும் பிறக்காத நேரத்தில் விதிக்கோப்பு முழுவதுமே ஏறாது. பெயரால் ஒப்பிடும் ஐஐஎஃப்நேம் என்பதையே எழுத வேண்டும். தொலைவிலிருந்து தீச்சுவரைத் தொடுவதால், 5 நிமிடத்தில் விதிகள் தாமாக அகலும்படி ஒரு காவல் கட்டளையை ஓடவிட்டு, புதிய சாளரத்தில் உள்ளே போக முடிகிறது என்று உறுதியான பின்பே அதை நிறுத்தினேன்.

மறுநாள் மற்ற ஏழு கணினிகளையும் பார்த்தேன். அமைவுக் கோப்பைப் படித்து அதிலிருந்து விளையும் அமைவு முழுவதையும் அச்சிடும் பெரிய எழுத்து டீ (T) கொடியைக் கொண்டு, ஒவ்வொன்றிலும் லாகின்கிரேஸ்டைமின் மதிப்பைக் கேட்டேன். ஆறில் 0 என்று வந்தது, ஒன்றில் 60. அதன் கோப்பில் மேலே ஏற்கெனவே 60 என்று எழுதியிருந்தது. ஒரே கட்டளை இருமுறை வந்தால் எஸ்எஸ்எச்டி முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும் என்பதால், கடைசியில் நான் ஒட்டிய வரி அங்கேயும் வேலை செய்யவில்லை. நல்லவேளையாக அதில் தானியங்கி மேம்பாடு ஜூலையிலேயே திருத்தத்தைக் கொண்டுவந்திருந்தது. இப்போது மாற்றங்களை முதன்மைக் கோப்பின் வாலில் ஒட்டுவதை விட்டுவிட்டேன். டெபியன் அந்தக் கோப்பின் தலையிலேயே உள்ளிழுத்துக்கொள்ளும் துணை அடைவில் தனிக் கோப்பாக வைக்கிறேன். அங்கே வைத்தால் எந்த மேட்ச் தொகுதிக்குள்ளும் விழாது, முதலில் படிக்கப்படுவதும் அதுவே. சுழற்சிக் கட்டளையும் மாறிவிட்டது: எழுது, சோதி, மறுஏற்று, விளையும் மதிப்பை அச்சிட்டு எதிர்பார்த்ததோடு ஒப்பிடு, பொருந்தாத கணினியில் நின்று கத்து.

மின்தடை வந்த அன்றிரவு 11:15க்கு வழங்கியை இரண்டாம் முறை மறுதொடக்கம் செய்தேன். இளைஞரைக் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்குள் நான் உள்ளே இருந்தேன். பதிகையில் எஸ்எஸ்எச்டி முதலில் எழுந்து எல்லா முகவரிகளிலும் கேட்கத் தொடங்கியிருந்தது. அதற்கு 4 விநாடி பிந்தி, வழக்கம்போல், சுரங்கம் வந்து சேர்ந்திருந்தது.